பேட்ஜில் இருந்த பெயர்

சித்தி என்னை நேருக்கு நேர் பார்த்து, "மிஸ், கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

ஹோட்டலின் இரண்டாம் மாடி நடைபாதையில் நின்றிருந்தோம். அவள் கைகளில் துவைத்த விரிப்புகள் தாடை வரைக்கும் அடுக்கியிருந்தன. சாம்பல் நிறச் சீருடை, இறுகக் கட்டிய கொண்டை, மார்பில் ஒரு பேட்ஜ். அந்த பேட்ஜில் மூன்று மொழியிலும் அழகாக ஒரு சிங்களப் பெயர். நெற்றியைப் பார்த்தேன், பொட்டு இல்லை. ஒரு கணம், உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்கிறார்களே, அதில் ஒருத்தியோ என்றுகூட நினைத்தேன். ஆனால் இடது புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. வழி விட்டேன். விரிப்புகளோடு அவள் என்னைத் தாண்டிப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவின் கடைசித் தங்கை அவள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஓர் அறையில், மகளோடு இருக்கிறாள். சித்தப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன, ஆனாலும் பொட்டு வைப்பதை அவள் விடவில்லை. தீபாவளிக்குக் கண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்து, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அப்படிப்பட்டவள் என்னை "மிஸ்" என்றாள்.

நான் அந்த ஹோட்டலுக்குப் போனது சர்வதேச இளையோர் மனித உரிமைப் பயிற்சி ஒன்றுக்கு. பல நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கண்டி டவுனில் பிறந்து வளர்ந்ததால் எனக்கு மூன்று மொழியும் வாயில் வரும். அதனால் என்னைப் பாதி பயிற்சி பெறுபவளாகவும் பாதி மொழிபெயர்ப்பாளராகவும் சேர்த்திருந்தார்கள். அதாவது, எல்லோரும் தேநீர் குடிக்கும்போது நான் மட்டும் யாரோ சொல்வதை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இடமோ பன்வில போகும் வழியில் மலைச்சரிவில் கட்டிய பெரிய ஹோட்டல். மடவளை, வத்தேகம என்று பஸ்ஸில் இடிபட்டுப் போன பாதையில் அன்றைக்குக் குளிரூட்டிய வான் வண்டியில் போனபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பயிற்சியை நடத்திய பெண்மணி, அவரைப் பயிற்சி அம்மா என்றே அழைத்தோம், கையில் ஒரு சின்ன மணி வைத்திருந்தார். மணி அடித்தால் வட்டமாக உட்கார வேண்டும். இன்னொரு முறை அடித்தால் எழும்பி, கைகளை ஆட்டி, யானை மாதிரி நடக்க வேண்டும். உற்சாகம் வருமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்குப் பிறகு குழுக் குழுவாகத் தரையில் குந்தி, பெரிய பெரிய தாள்களில் வண்ணப் பேனைகளால் எழுத வேண்டும். சித்தியை நடைபாதையில் பார்க்கும் முன், அன்று காலை எங்கள் குழுத் தாளில் நான் சிவப்பு மையால் எழுதியது இது: "ஒவ்வொரு மனிதருக்கும் தன் பெயரோடு வாழ உரிமை உண்டு."

என் அறைத் தோழி வட ஐரோப்பாவிலிருந்து வந்தவள். கதவு நிலையில் தலை முட்டும் அளவுக்கு உயரம். மனதுக்குள் அவளுக்கு நெட்டைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்றால் சும்மா இல்லை. எறும்பு ஊர்ந்தால் தாண்டிப் போவாள், பணியாளர் யாராவது பெட்டியைத் தூக்க வந்தால் பதறிப் பிடுங்கிக்கொள்வாள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் கொத்துரொட்டியைப் படம் எடுக்க, இவள் மட்டும் அதைக் கொத்தியவரைத் தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது.

மறுநாள் காலை அவள் சாப்பிடப் போன பிறகு சித்தி எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்தாள். கதவைச் சாத்தினாள். குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"கோவிச்சுக்காத புள்ள. இங்க நான் ஒனக்குச் சித்தி இல்ல."

"என்ன சித்தி இது? பேர் என்ன, பொட்டு எங்க?"

"மெதுவாப் பேசு." தலையணை உறையை உருவிக்கொண்டே சொன்னாள். "தோட்டத்துல நம்ம பேரு இருக்கிற வரைக்கும்தான் லயம் நமக்கு. வெளிய வேலைக்குப் போறோம்னு தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க. பேர வெட்டுனா வூட்டக் காலி பண்ணுங்கம்பாங்க. மேல் லயத்துல ஒரு குடும்பத்த அப்பிடித்தான் எழுப்புனாங்க. சாமான் சட்டியெல்லாம் ரோட்டுல கெடந்துச்சு, மழையில."

"அதுக்கு ஏன் சிங்களப் பேரு?"

"தமிழ்ப் பேரு போட்டா எந்தத் தோட்டம்னுதானே மொத கேள்வி கேப்பாங்க. கொழுந்தெடுக்க ஆள் பத்தலன்னு தொரை சுத்துவட்டாரத்து ஹோட்டலுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காரு, எங்க ஆளுங்கள எடுக்காதீங்கன்னு. எங்கள இங்க கூட்டியாந்த காண்ட்ராக்டுக்காரன் ஒரு பேரச் சொன்னான். நானும் சரின்னுட்டேன்."

"அப்ப மலைக்கு யாரு போறா?"

சித்தி முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்க லயத்துலயே பக்கத்துக் காம்பிரா வூட்டுக்கு வாழ வந்தவ ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தோட்டத்துல பேரு இல்ல. என் பேருக்கு அவ கொழுந்து எடுக்குறா, சம்பளத்த அவளே வச்சுக்கிறா. தலையில முக்காடு, முதுகுல கூடை. தூரத்துலருந்து பாத்தா யாரு எவருன்னு யாருக்குத் தெரியுது? வேலைய மேய்க்கிற கங்காணி நம்ம பக்கத்துச் சொந்தம், நிறுக்குறப்பவும் அவருதான் எம்பேரச் சொல்லுவாரு, வாயத் தொறக்க மாட்டாரு. கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியக் கூடாது."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டத்துக்கு நான் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். லயத்தில் உட்கார்ந்து சித்தி கையால் ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஒற்றை அறையும் அதன் முன்னால் உள்ள ஒடுங்கிய முற்றமும் இத்தனை மெல்லிய நூலில் தொங்குகின்றன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த அறையில்தான் சித்தியின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. ஒங்கம்மாகிட்டயும்," என்றாள் சித்தி. ஷவரை மூடிவிட்டு, அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, கதவைத் திறந்தாள். திறந்ததும் முகம் மாறிப்போனது. அப்படி ஒரு மாற்றத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அன்று மாலை மணி அடித்ததும் பயிற்சி அம்மா எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். இந்த ஹோட்டலில் உங்களுக்குச் சேவை செய்யும் ஒருவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இனி அவரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்லுங்கள். அவர் முகத்தை நினைவில் வையுங்கள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலர் அதை அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நெட்டைக்காரி மறக்கவில்லை. பேட்ஜைப் பார்த்து அந்தப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டாள், அதோடு "அக்கா" சேர்க்க வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாள். காலையில் சித்தி வந்தால் பெயரோடு அக்கா என்று கூவுவாள். கட்டில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். சித்தி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட, இருவரும் மொழியில்லாமல் சிரிப்பார்கள். என் சொந்தச் சித்தியோடு இவள் சிரிக்கிறாள், நானோ ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து களப் பயணம். "ஒரு தோட்டம்" என்று மட்டும்தான் நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். அன்று காலை அறைக்கு வேறு ஒரு பெண் வந்தாள். சித்தி லீவாம். நல்லது, அவளுக்கும் ஓய்வு வேண்டுமே என்று நினைத்தேன். பஸ் பன்வில டவுனைத் தாண்டி, கோயிலடியில் இடது பக்கம் திரும்பியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சித்தியின் தோட்டத்துக்குப் போகும் பாதை அது.

வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்று தோட்டமே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வரவேற்றுப் பேசிவிட்டுப் போனார். எங்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறியவர் கணக்கப்பிள்ளை. கொழுந்துக் கணக்கிலிருந்து பெயர் பதிவது வரைக்கும் அவர் கையில்தான் எல்லாமே. பருத்த உடம்பு, நல்ல சிரிப்பு. லயத்துப் பக்கம் அவர் வருவதில்லை, என்னை அவருக்குத் தெரியாது. "இன்னைக்கு ஒரு ஆள்கூட லீவு எடுக்கக் கூடாதுன்னு தொரையோட ஆர்டர், மிஸ். பேர் உள்ள எல்லாரையும் மலையில நிப்பாட்டியிருக்கோம்," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குச் சித்தியின் லீவுக்கு அர்த்தம் விளங்கியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். பச்சைச் செடிகளுக்கு நடுவே, இடுப்பில் படங்குச் சாக்கு, நெற்றியில் கயிறு, முதுகில் கூடையோடு வரிசையில் மூன்றாவதாக நின்றாள் சித்தி. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவளும் என்னைப் பார்த்தாள். என் பின்னால் வந்தவர்களைப் பார்த்தாள். கொழுந்து கிள்ளிய விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

நெட்டைக்காரியின் உயரத்துக்கு, முன்னால் நின்ற யாரும் அவள் பார்வையை மறைக்கவில்லை. சித்தி அவள் கண்ணில் பட்டுவிட்டாள். முகமெல்லாம் பூரித்துப்போய், பேட்ஜில் இருந்த அந்தச் சிங்களப் பெயரைச் சொல்லி, "அக்கா!" என்று கத்திக்கொண்டு செடிகளுக்கு நடுவே ஓடினாள். சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஹோட்டல்! ரூம்!" என்றாள். விரிப்பை உதறி விரிக்கிற மாதிரி இரண்டு கையாலும் காற்றில் செய்து காட்டினாள். எங்கள் எல்லோரிலும் அவள் ஒருத்திதான் அந்த முகத்தை உண்மையாகப் பார்த்து மனதில் வைத்திருந்தவள். அந்த நல்ல மனதுதான் என் சித்தியின் வீட்டைப் பெயர்க்கப் போகிறது.

பெண்கள் எல்லோரும் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கங்காணி தரையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னா மிஸ் சொல்லுது அந்தப் புள்ள? ஹோட்டல்ங்குது?"

மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. எங்க ஹோட்டல்ல ரூம் கூட்டுற சிங்களப் பொம்பள ஒண்ணு இருக்கு. அதுதான் இதுன்னு நெனச்சிருச்சு. வெள்ளக்காரங்களுக்கு நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே மூஞ்சிதானே."

கணக்கப்பிள்ளை ஒரு நொடி யோசித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது சரி! நமக்கும் அவங்க எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்காங்க," என்றார். அவர் சிரித்ததும் கங்காணி சிரித்தார், பெண்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள், முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு. அந்தச் சிரிப்பில்தான் அவள் வீடு நின்றது.

நெட்டைக்காரிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். நான் அவள் அருகில் போய், இது அவள் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீ ஆளை மாற்றிவிட்டாய், இந்தப் பெண் தோட்டத்தை விட்டு வெளியே வேலைக்குப் போனதே கிடையாது என்றேன். அவள் சித்தியை மறுபடி பார்த்தாள். சித்தி, முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் பார்ப்பது மாதிரி அவளைப் பார்த்துவிட்டு, கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கொழுந்துக்குக் குனிந்தாள். நெட்டைக்காரியின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்துபோனது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் எங்கள் பயிற்சியில் எல்லாமே வட்டத்தில் வைத்துப் பகிர்வதற்குத்தான். மணி அடித்தால் போதும், ஒவ்வொருவரும் மனதைக் கொட்டுவார்கள். இந்தக் கதையும் வட்டத்துக்கு வந்தால் ஒரு தாளில் எழுதுவார்கள். தாள் அறிக்கையாகும். அறிக்கை தோட்டக் கம்பனிக்குப் போகும். எல்லோருடைய எண்ணமும் நல்லதாகவே இருக்கும். சித்தியின் சாமான்கள் மழையில் கிடக்கும்.

கடைசி நாள் மாலை நிறைவு வட்டம். பணியாளர்களையும் மண்டபத்துக்கு அழைத்துச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள், நன்றி சொல்வதற்காக. சித்தி பேட்ஜோடு, பொட்டில்லாமல், மற்றப் பெண்களுக்கு நடுவில் நின்றாள். இங்கே என்ன கற்றாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார் பயிற்சி அம்மா. நெட்டைக்காரியின் முறை வந்தது. அவள் எழும்பி நின்றாள்.

"நான் என்னை நல்லவள் என்று நினைத்திருந்தேன்," என்றாள். "ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணை இன்னொரு பெண் என்று நினைத்துவிட்டேன். இரண்டு பேருடைய நிறமும் ஒன்று என்பதால் மட்டும். எனக்குள்ளும் அந்த நோய் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். இதுதான் இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய பாடம் என்றார் பயிற்சி அம்மா. கூடியிருந்த எல்லோரிலும் அந்த நோய் இல்லாத ஒரே ஒருத்தி அவள்தான் என்று எழும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விடவில்லை அவள். நேராகச் சித்தியிடம் போனாள். என்னையும் கூப்பிட்டாள், மொழிபெயர்க்க. "உன்னை இன்னொருத்தியோடு குழப்பிக்கொண்டேன். உன் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன், தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு," என்றாள். எல்லோர் முன்னிலையிலும் என் சித்தியிடம் அதை நான் சிங்களத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சித்தி அவள் கன்னத்தைத் தொட்டு, பரவாயில்லை மகள், மனுசருக்கு மனுசர் மாறிப்போவது உண்டுதானே என்று சிங்களத்தில் சொன்னாள். அதையும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மறுபடியும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை நெட்டைக்காரியின் வான் முதலில் போய்விட்டது. போவதற்கு முன் இரண்டு கம்பளிச் சால்வைகளை என்னிடம் தந்தாள். தன் ஊரில் நெய்தது, ஒரே நீலம், ஒரே கரை. ஒன்று அறை அக்காவுக்கு, மற்றது தோட்டத்தில் அவள் அவமானப்படுத்திய அந்தப் பெண்ணுக்கு. "நீ உள்ளூர்க்காரி. எப்படியாவது தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவாய்தானே?" என்றாள். கொடுக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

சித்தி கட்டில் விரிப்புகளைக் களைய வந்தாள். இந்தத் தடவை நானே போய் ஷவரைத் திறந்துவிட்டேன். சால்வைகளைக் கொடுத்து, யார் யாருக்கு என்று சொன்னேன். அவள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, விரிப்பில்லாத மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாவம், அந்தப் புள்ள அழுதுட்டே போயிருச்சே," என்றாள். "அது கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அதுகிட்ட சொல்லிரு. இப்ப வேணாம். எம்மக பரீட்சை எழுதி, நாங்க எங்கயாவது ஒரு துண்டு நெலம் பாத்துப் போன பொறகு சொல்லு."

"ரெண்டும் உங்களுக்குத்தான் சித்தி. குளிருக்கு வச்சுக்கிங்க."

"இல்ல புள்ள." ஒரு சால்வையைத் தனியாக எடுத்து மடித்தாள். "இது பக்கத்துக் காம்பிராக்காரிக்கு. நீங்க எல்லாம் வந்தன்னைக்கு நான் மலையில நிக்கணும்ல? அவளுக்குத்தான் பேரு இல்லையே. தெனம் மலைக்கு வர்றவ வூட்டுல நிக்கிறதப் பாத்தா மாட்டிக்குவோம்னு கைப்புள்ளயோட உள்ள பூட்டிக்கிட்டுக் கெடந்தா, நீங்க போற வரைக்கும். புள்ள அழுவக் கூடாதுன்னு வாயில சீனிய வச்சு வச்சு."

அன்று கிளம்பும் முன் அந்த லயத்தின் முன்னால்தான் நாங்கள் வரிசையாக நின்று குழுப் படம் எடுத்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு சாத்தியிருந்தது. யாரும் இல்லாத வீடு என்று நினைத்தோம்.

நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டது. அறைகளைப் பார்வையிட வரும் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். சித்தி எழும்பி, சால்வைகளை அழுக்கு விரிப்புக்குள் திணித்து, ஷவரை மூடினாள். முகம் மாறியது. எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போகிறீர்களா மிஸ் என்று உரத்த சிங்களத்தில் கேட்டாள்.

கதவில் ஆள் வந்து நின்றுவிட்டார். நான் பையைத் தூக்கித் தோளில் போட்டேன். பேட்ஜில் இருந்த அந்தப் பெயரைச் சொல்லி, ஒன்றும் இல்லை, நன்றி என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, என் சித்தியைத் தாண்டி வெளியே போனேன்.